பட்டை வில்லா? சுருள் வில்லா?

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

உலகின்கண் ஒவ்வொரு பொருளும் தான் செய்யவேண்டிய தொழிலை நோக்கியே நன்று என்றும் தீது என்றும் மதிக்கப்படும். ஏர் உழுவதற்குச் சிறந்தது. அதனைக் கொண்டு மரம் பிளக்கப் புகின் ஏரும் கெடும், மரமும் பிளவாது. இவ்வுண்மை யாவரும் அறிந்ததே. ஆயினும், புதுமையின்கண் வேட்கை மிகுந்த இளைஞராகிய நாம் ஒரு பொருளை வாங்கும்போதும் மாற்றும்போதும் இதனை மறந்துவிடுகின்றோம். கரட்டு வழிகளிற் செல்லும் மோட்டார் வண்டிகளைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைத்துக்கொள்வாரிடையே இம்மறதி மிகுதியாகக் காணப்படுகின்றது. அவ்வண்டிகளின் பின்னச்சினைத் தாங்கும் வில்லமைப்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது பற்றி எமது கருத்தினை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு அச்சும் வில்லும் எற்றுக்கு என்று நண்பர் சிலர் நகைக்கலாம். உப்பு வணிகர், மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழியில் அச்சு முறியுமோ என்றஞ்சி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டிக்கொண்டு சென்ற செய்தி புறநானூற்றிலே காணப்படுகின்றது. அச்செய்தியைப் பாட்டில் வைத்தவர் ஒளவையார். ஆகவே, அச்சினைப் பற்றிப் பேசுவது தமிழ் மாணவர்க்குப் புறம்பன்று. அன்றியும், இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியது ஏட்டறிவு மாத்திரமன்று. எம் கண்ணெதிரே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியுமாகும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் மூவகை அமைப்புகளையும் சுருங்க விளக்குவோம்.

முதலாவது பட்டை வில். எஃகுப் பட்டைகள் பல, நீளத்திற் குறைந்து குறைந்து, ஒன்றோடொன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் யு போல்ட்டுகளால் அச்சுடன் இறுக்கப்பட்டிருக்கும். முன்முனை வண்டியின் சட்டத்தோடு நேரே பிணைக்கப்படும். பின்முனை ஷாக்கில் என்னும் ஊசற்கட்டினாற் பிணைக்கப்படும். பாரத்தால் வில் நிமிருங்கால் அதன் நீளம் மிகுதலின் அவ்வூசல் இன்றியமையாதது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கெனச் செய்யப்பட்ட வில்லீஸ் ஜீப்பிலும், 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த லாண்ட் ரோவரிலும் முன்னும் பின்னும் பட்டை வில்லே அமைந்திருந்தது. 1947-ஆம் ஆண்டில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லீஸ் ஜீப்பினை இந்நாட்டிற் பூட்டத் தொடங்கினர். அது முதல் நம் மலைநாட்டார் அறிந்த ஜீப்பும், பின்னர் வந்த மாருதி ஜிப்ஸியும் பட்டை வில்லின் மேலேயே ஓடின.

இதன் சிறப்பு யாதெனின், ஒரே உறுப்பு நான்கு தொழில்களைச் செய்தலாம். பாரத்தைத் தாங்குவதும் அது; அச்சு முன்பின் நகராவண்ணம் பிடிப்பதும் அது; பக்கவாட்டில் நகராவண்ணம் தடுப்பதும் அது; எஞ்சினின் முறுக்கினால் அச்சு உருளாவண்ணம் எதிர்ப்பதும் அதுவே. வேறு தண்டுகள் வேண்டா. சிறப்பு இதுவாயின், குறையும் இதனின்றே பிறக்கின்றது. பாரத்திற்கு இளகிக் கொடுக்கவேண்டிய உறுப்பே முறுக்கிற்கு இளகாது நிற்கவும் வேண்டுமன்றோ? ஏற்றத்தில் முறுக்கு மிகுங்கால், பட்டை பாம்பு நெளிவதுபோல் நெளிந்து, அச்சின் மூக்கு மேல்நோக்கித் திரும்பும். சக்கரம் வழுக்கியவுடன் பட்டை மீண்டும் பழைய நிலைக்குத் துள்ளும். இவ்வாறு மாறி மாறி நிகழ்தலால் வண்டி தத்துவதும், இறுதியில் தண்டின் கிராஸ் முறிவதும் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்தலாற் சிறு மேடு பள்ளங்களில் வண்டி கடினமாக உதறுவதும் மற்றொரு குறையாகும்.

இரண்டாவது, தண்டுகளாற் பிணைக்கப்பட்ட சுருள் வில். ஈண்டுச் சுருள் பாரத்தை மாத்திரம் தாங்கும். அச்சினைப் பிடிக்கும் தொழில் தனித்தனித் தண்டுகளைச் சாரும். 1970-ஆம் ஆண்டில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் இம்முறையின் ஆற்றலை உலகிற்குக் காட்டியது. அதன் பின்னச்சினைக் கீழே இரண்டு நெடுந்தண்டுகளும், மேலே நடுவில் ஆங்கிலத்து முதலெழுத்தின் வடிவமைந்த ஒரு கவைத்தண்டும் பற்றியிருந்தன. பாரம் ஏறியபோது பின்புறம் தாழாவண்ணம் சமன்செய்யும் தனிக்கருவி ஒன்றும் இருந்தது. 1983-இல் லாண்ட் ரோவரும் பட்டையை விடுத்துச் சுருளை மேற்கொண்டது. 1998-இல் வந்த சுசுகி ஜிம்னியும் அவ்வழியிற் சென்றது. நம் நாட்டில், 2010-இல் வெளிவந்த தார் வண்டி பின்புறத்திற் பட்டை வில்லோடு வந்தது. 2020-இல் வெளிவந்த புதிய தார், ஒரே திரளான பின்னச்சினைக் கைவிடாமலே, சுருளும் பல தண்டுகளும் உடையதாயிற்று.

மூன்றாவது, இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறியிறங்கும் தனிநிலை அமைப்பு. அமெரிக்கப் படையின் ஹம்வீ நான்கு சக்கரங்களிலும் இதனை உடையது. 2020 முதல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபெண்டரும் அத்தகையதே. இதில், பற்சக்கரப் பெட்டி சட்டத்தோடு பொருத்தப்படுதலின் சக்கரத்தோடு எழுந்து விழும் எடை குறைகின்றது. விரைந்து செல்லுங்கால் வண்டி நிலத்தைத் தழுவிச் செல்கின்றது. ஆயின், பாறை வழியில் இதற்கொரு குறையுண்டு. திரளான அச்சுடைய வண்டியில் ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் அச்சின் நடுப்பகுதியும் உடன் எழும். மற்றைச் சக்கரம் கீழே அழுத்தப்பட்டு நிலத்தைப் பற்றும். தனிநிலை அமைப்பிலோ வண்டியின் உடல் தாழுங்கால் பற்சக்கரப் பெட்டியும் உடன் தாழும். மேலும், சக்கரத்திற்கு விசை கொண்டுசெல்லும் தண்டுகளின் மூட்டுகள் ஓரளவிற்கு மேல் வளையமாட்டா. எனவே மாற்றியமைப்போர் இதனைப் பெரிதும் நாடுவதில்லை. 1967-இல் மெக்சிகோ நாட்டிற் தொடங்கிய பாஹா பாலைவனப் போட்டியில் ஓடும் பெருவண்டிகள் பலவும், முன்புறம் தனிநிலை அமைப்பினைக் கொண்டும், பின்புறம் நெடுந்தண்டுகள் பூண்ட திரளான அச்சினையே கொண்டுள்ளன. ஆகலின் எஞ்சிய வழக்கு, பட்டைக்கும் சுருளுக்கும் இடையிலேயே நிகழ்வதாகும்.

நிற்க. எம் கண்ணெதிரே நிகழ்ந்ததனை இனிக் கூறுவோம். எம் தாய்மாமன் போடிநாயக்கனூரிலிருந்து மலைமேலுள்ள ஏலத் தோட்டங்களுக்கு உரமும் பண்டமும் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப் ஒன்றினை வைத்திருக்கின்றார். அவர்தம் மகன், அயல்நாட்டு வண்டிகளின் படங்களைக் கண்டு வேட்கை கொண்டு, ஒரு பட்டறையில் அதனை உயர்த்துவித்தார். அச்சிற்குக் கீழே இருந்த பட்டைகள் அச்சிற்கு மேலே ஏற்றப்பட்டன. அச்சின் பருமனும் பட்டை அடுக்கின் பருமனும் கூடிய அளவிற்கு, ஏறக்குறைய 5 அங்குலம், வண்டி உயர்ந்தது. பெரிய சக்கரங்களும் பூட்டப்பட்டன. ஊரார் வியந்தனர், யாமும் வியந்தோம்.

வியப்பு நெடுநாள் நிற்கவில்லை. விடுமுறையில் ஒருநாள், உர மூட்டைகளோடு செங்குத்தான மண்வழியில் ஏறுங்கால் வண்டி இருமுறை தத்திற்று. மூன்றாம் முறை இடிபோன்ற ஓசை எழுந்தது. பின் தண்டின் கிராஸ் முறிந்துவிட்டது. பின்சக்கரங்கட்கு விசையில்லை. முன்சக்கரங்களோ ஏற்றத்திற் பாரம் குறைந்தமையால் மண்ணில் வழுக்கின. அப்பழைய ஜீப்பின் கைப்பிரேக்கு சக்கரங்களில் அமைந்ததன்று. பற்சக்கரப் பெட்டியின் பின்னே, அம்முறிந்த தண்டின் தலைப்பில் அமைந்தது. ஆகவே பின்சக்கரங்களைப் பற்ற அஃது உதவவில்லை. வண்டி பின்னோக்கி நழுவிற்று. ஓட்டுநர் கால்பிரேக்கினை மிதித்துப் பிடிக்க, உடன்வந்த தொழிலாளி ஒருவர் குதித்தோடிச் சக்கரத்தின் பின் ஒரு கல்லினை இட்டார். கீழே பள்ளம். வண்டியினுள் இருந்தோர் யாம் உட்பட ஐவர். ஒருவர்க்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அக்கல்லினை யாம் இன்றும் மறந்தோமில்லை.

வண்டியைப் பார்க்க வந்த முதிய மேஸ்திரியார் அடியிற் படுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டியைத் தூக்கினீங்க, மூக்கை யாரு பார்த்தா?" என்று வினவினார். அவ்வொரு வினாவில் இப்பொருளின் சாரம் முழுவதும் அடங்கியுள்ளது. தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கிராஸ் இருக்குமாயின், பற்சக்கரப் பெட்டியின் முனையும் அச்சின் மூக்கும் ஒன்றற்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். அவ்வாறிருப்பின்தான் ஒரு மூட்டில் எழும் சுழற்சியின் ஏற்றத்தாழ்வினை மற்றொரு மூட்டு ஈடுசெய்யும். வில்லீஸ் வகை ஜீப்பின் இரு அச்சுகட்கும் இடைத்தூரம் 80 அங்குலமே. ஆதலின் பின் தண்டு மிகக் குறுகியது. வண்டி சிறிது உயரினும் தண்டின் சரிவு பெரிதும் மிகும். பட்டறையில் அச்சின் மேல் புதிய இருக்கைகளைப் பற்றவைத்தோர் இவ்விணையை நோக்கினாரல்லர். அன்றியும், பட்டை மேலே சென்றதனாலும் சக்கரம் பெரிதானதனாலும், தரைக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள உயரம் மிகுந்தது. நெம்புகோல் நீண்டால் விசை மிகுதல் போலப் பட்டையை முறுக்கும் விசையும் மிகுந்தது. இவ்விரண்டும் கூடியே தண்டினை முறித்தன.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட நண்பர் சிலர், "இது பட்டையின் குற்றம், சுருளுக்கு மாறியிருப்பின் இவ்வாறு நேர்ந்திராது" என்றனர். இக்கூற்றினை யாம் உடன்படோம். சுருள் அமைப்பில் முறுக்கினைத் தண்டுகள் தாங்குதலின் பட்டை நெளியும் குறை இல்லை என்பது மெய்யே. ஆயினும் அத்தண்டுகள் நின்ற இடம் பிழைபடின், வேறு குறைகள் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இரு அச்சுகட்கும் இடைத்தூரம் 100 அங்குலம் என்றும், வண்டியின் பாரநடுவம் தரையினின்று 30 அங்குல உயரத்தில் உள்ளதென்றும் கொள்வோம். பக்கத்தினின்று நோக்குங்கால், மேல் தண்டின் கோட்டினையும் கீழ்த் தண்டின் கோட்டினையும் முன்னோக்கி நீட்டினால் அவை ஓரிடத்திற் கூடும். அவ்விடம் பின்னச்சிற்கு 50 அங்குலம் முன்னாகவும், தரைக்கு 15 அங்குலம் மேலாகவும் இருக்குமாயின், பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியினின்று அதன் வழியே செல்லும் கோடு முன்னச்சின் நேரே 30 அங்குல உயரத்தை எட்டும். அது பாரநடுவத்தின் உயரத்தோடு ஒத்தலின், பின்சக்கரம் மட்டும் உந்துங்கால் வண்டியின் பின்புறம் தாழவும் செய்யாது, எழவும் செய்யாது. இதனை நூறு விழுக்காடு என்பர். கூடுமிடம் 24 அங்குல உயரத்திலாயின் கோடு 48 அங்குலத்தை எட்டும். அளவு 160 விழுக்காடாகும். அப்பொழுது விசை கொடுத்தவுடன் பின்புறம் வெடுக்கென எழும். ஏற்றத்திற் சக்கரம் தத்தும். நான்கு சக்கரங்களும் உந்துங்கால் பின்சக்கரங்களின் பங்கிற்கேற்ப இவ்வளவு குறையும் என்பதும் அறியத்தக்கது. எனவே, தண்டுகளைப் பற்றவைக்கும் இடம் இரண்டோர் அங்குலம் மாறினும் வண்டியின் இயல்பே மாறிவிடும்.

மற்றொன்று. தண்டுகளின் இடத்தை மாற்றாது நெடிய சுருள்களை மாத்திரம் இட்டு வண்டியை உயர்த்துவோர் பலர். அவ்வாறு செய்யின், தண்டுகள் சட்டத்தினின்று அச்சினை நோக்கிச் சரிந்து இறங்கும். வளைவில் வண்டி சாயுங்கால், வெளிப்புறத் தண்டு கிடைநிலையை நோக்கி வந்து அச்சின் அம்முனையைப் பின்னே தள்ளும். உட்புறத் தண்டு மேலும் சரிந்து அம்முனையை முன்னே இழுக்கும். அச்சு முழுவதும் சிறிது திரும்ப, ஓட்டுநர் வேண்டியதினும் மிகுதியாக வண்டி வளையும். சமநிலத்தில் இஃது ஒரு தொல்லை. மலைப்பாதையின் கொண்டையூசி வளைவிலோ இஃது உயிர்க்கு இறுதி.

இனி, பக்கவாட்டுப் பிடிப்பினை நோக்குவோம். நான்கு தண்டுகளும் இணையாக நின்றால், அச்சினைப் பக்கவாட்டில் தடுக்க பன்ஹார்டு தண்டு ஒன்று வேண்டும். அதன் ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் இருத்தலின், அச்சு ஏறியிறங்குங்கால் நேரே செல்லாது வில்வளைவாகச் சிறிது பக்கம் நகரும். அத்தண்டு நீண்டும் கிடையாகவும் இருப்பின் நகர்ச்சி குறையும். மேல் தண்டுகள் இரண்டும் முக்கோணமாக ஒன்றனையொன்று நோக்கிச் சாய்ந்திருப்பின் பன்ஹார்டு தண்டு வேண்டுவதில்லை. அச்சு நேராக ஏறியிறங்கும். பாறை வழிகளில் மெல்ல ஊர்ந்து செல்வோர் இம்முக்கோண அமைப்பினையே சிறந்ததென்பர். அது மெய்யே. ஆயின், எண்ணெய்த் தொட்டியும் புகைக்குழாயும் இருக்கையும் நிறைந்த சிறு ஜீப்பில் அத்தண்டுகட்கு இடம் காண்பது எளிதன்று. இடமில்லாவிடத்துத் தண்டினைக் குறுக்குவர். தண்டு குறுகின் அச்சின் கோணம் விரைந்து மாறும். மாறவே, முன்னர் நாம் கண்ட மூக்கின் இடர் மீண்டும் வந்து நிற்கும்.

அற்றேல், பட்டை வில்லினைத் திருத்த வழியில்லையோ எனின், உண்டு. பட்டையின் விறைப்பு அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு எதிராகக் குறையும். கனத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மிகும். நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும். எனவே நீண்ட, மெல்லிய பட்டைகளைத் தக்கவாறு அடுக்கினால், வண்டியை மிகையாக உயர்த்தாமலே சக்கரங்கள் நன்கு ஏறியிறங்கும். நெளிவினைத் தடுக்க, அச்சினின்று சட்டத்திற்கு ஒரு முறுக்குத் தண்டு பூட்டலாம். இரண்டாம் பட்டையின் முனை முதற்பட்டையின் கண்ணினைச் சுற்றியிருக்குமாறு செய்தால், முதற்பட்டை முறியினும் அச்சு இடம்பெயராது. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முறிந்த பட்டையினை மலையடிவாரத்துச் சிற்றூரிலும் மாற்றலாம். கோணம் பிழைபட்ட தண்டமைப்பினைத் திருத்தவல்லார் பெருநகரிலும் அரியர்.

எம் தாய்மாமனின் வண்டிக்கு அம்மேஸ்திரியார் செய்த மருந்தும் இதுவே. பட்டைகள் மீண்டும் அச்சிற்குக் கீழே வந்தன. தேய்ந்த புஷ்களும் ஷாக்கில்களும் மாற்றப்பட்டன. சிறிது நீண்ட பட்டைகளும் புதிய ஷாக் அப்சார்பர்களும் இடப்பட்டன. வண்டி இப்போது முன்போல் உயர்ந்து நிற்கவில்லை. ஆயின் அவ்வேற்றத்தில் தத்தாது ஏறுகின்றது.

ஆகவே எமது முடிபு இது. பாறைமேல் ஊர்தலையே விளையாட்டாகக் கொண்டு, பொதுச்சாலைக்குப் புறம்பாக வண்டி செலுத்துவோர்க்கு, முறைப்படி அளந்து அமைத்த முக்கோண நாற்றண்டுச் சுருளமைப்பே சிறந்தது. பாலைநிலத்தில் விரைந்து செல்வோர்க்கு நெடுந்தண்டும் சுருளும் வேண்டும். சுமையேற்றி, மக்களை ஏற்றி, மலைவழியில் நாள்தோறும் உழைக்கும் பழைய வண்டிக்கு, நன்கு பேணப்பட்ட பட்டை வில்லே தக்கது. சுருள் வேண்டுவோர் தொழிற்சாலையிலேயே அவ்வாறமைந்த வண்டியை வாங்குதல் நலம்; அதில் தண்டுகளின் இடம் அறிஞரால் அளந்து ஆராயப்பெற்றது. அளந்து செய்த பட்டை, அளவாது செய்த சுருளினும் நூறு மடங்கு மேலானது.

சட்டமும் ஈண்டுக் கருதத்தக்கது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் வகுத்தவற்றோடு மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாதென விதிக்கின்றது; 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. இது விருப்பினைத் தடுக்கும் வீண் தடை என்பர் சிலர். யாமும் அந்நாள்வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். வண்டியை மாற்றுகின்றவன் ஒருவன். அதில் ஏறுகின்றவரோ பலர். ஏறுகின்றவர், அச்சின் மூக்கு எங்ஙனம் நோக்குகின்றதென்று குனிந்து பார்த்து ஏறுவதில்லை; செலுத்துவோனை நம்பியே ஏறுகின்றனர். அந்நம்பிக்கையைக் காப்பது சட்டத்தின் கடன். அதற்கு முன்னர் நம் கடன்.

நண்பர்காள்! உயர்ந்த வண்டி காண்பதற்கு அழகியதே. அதனை வேண்டா என்று யாம் கூறுகின்றோமில்லை. உயர்த்துமுன் வழியை நோக்குக, சுமையை நோக்குக, கோணத்தை அளந்து நோக்குக. அளவறிந்து செய்தவனுக்குப் பட்டையும் துணை, சுருளும் துணை. அளவறியாது செய்தவனுக்குச் சக்கரத்தின் பின் இடுதற்கு ஒரு கல்லும், அதனை இட ஒரு நல்லாரும் எப்பொழுதும் வாய்ப்பர் என்பது உறுதியன்று.